கறுப்புத் திரையைக் கண்டு ஒதுங்கியது போதும்

“கமாண்ட் லைன் எல்லாம் புரோகிராமர்களுக்கு. நமக்கு நாலு பட்டன் இருக்கிற சாஃப்ட்வேர் போதும்.” வீடியோ வேலை பார்ப்பவர்களிடையே இந்த அறிவுரை வேரூன்றிவிட்டது. மிக்சிங் ஸ்டுடியோவில் மூத்தவர் இளையவருக்குச் சொல்கிறார். கணினிப் பயிற்சி மையத்தில் ஆசிரியர் மாணவருக்குச் சொல்கிறார். விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கும் பிள்ளைகள் இதைக் கேட்டுக்கொண்டே பட்டம் வாங்கிவிடுகிறார்கள். சொல்பவர்களுக்குக் கெட்ட எண்ணம் ஏதுமில்லை. தெரியாத ஒன்றைத் தொட்டு யாரும் சிரமப்பட வேண்டாம் என்ற அக்கறைதான். ஆனாலும் இந்த அறிவுரை தவறு. ஒன்றிரண்டு கோப்பு வைத்திருப்பவருக்கு இதனால் பெரிய நட்டம் இல்லை. நூற்றுக்கணக்கில் வைத்திருப்பவரிடமிருந்து இது நேரத்தைப் பறிக்கிறது, தரத்தைப் பறிக்கிறது, கடைசியில் பதிவுகளையே பறித்துவிடவும் கூடும். அதனால் இதை விவரமாக மறுக்க வேண்டியிருக்கிறது.

நூற்றுக்கணக்கில் யாரிடம் இருக்கிறது என்று கேட்கலாம். இருபது, இருபத்தைந்து ஆண்டுகளாக நடக்கும் எந்த ஊர் ஸ்டுடியோவின் அலமாரியையும் திறந்து பாருங்கள். அடித்தட்டில் விஎச்எஸ் கேசட்டுகள். அதற்கு மேல் மினி டீவி டேப்புகள். பிறகு 352-க்கு 288 புள்ளி அளவில் பதிந்த விசிடிகள், 720-க்கு 576-ல் பதிந்த டிவிடிகள். 2006-ல் சோனியும் பானசோனிக்கும் ஏவிசிஎச்டி முறையை அறிமுகப்படுத்திய பிறகு வந்த கேமராக்களின் எம்டிஎஸ் கோப்புகள் ஹார்ட் டிஸ்க் ஹார்ட் டிஸ்காக இருக்கும். மேல்தட்டில் இன்றைய கைபேசிகள் தரும் எச்இவிசி கோப்புகள். ஒவ்வொரு தலைமுறைக் கருவி வரும்போதும் முந்தைய தலைமுறைப் பதிவைப் போட்டுப் பார்க்க வழி குறைந்துகொண்டே வருகிறது. விஎச்எஸ் பிளேயர் தயாரித்த கடைசி நிறுவனமாக அறியப்பட்ட ஜப்பானின் ஃபூனாய், 2016 ஜூலையோடு அந்த உற்பத்தியை நிறுத்திவிட்டது. காந்த நாடாவில் உள்ளவற்றை 2025-க்குள் டிஜிட்டலுக்கு மாற்றாவிட்டால் பெரும்பாலானவற்றை இழந்துவிடுவோம் என்று ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் 2015-லேயே எச்சரித்தது. ஆகவே ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்குக் கோப்புகளை மாற்றுவது இந்தத் தொழிலில் எப்போதாவது தலைகாட்டும் வேலை அல்ல. ஒவ்வொரு பத்தாண்டிலும் மொத்த இருப்பையும் இடம்பெயர்க்க வேண்டியிருக்கிறது.

இந்த வேலைக்கான கருவி நெடுநாளாகவே இலவசமாகக் கிடைக்கிறது. 2000-ல் பிரான்சின் ஃபப்ரீஸ் பெல்லார் தொடங்கி, பிறகு உலகெங்கும் உள்ள பலர் சேர்ந்து வளர்த்த எஃப்எஃப்எம்பெக்தான் அது. படம் பார்க்க நாம் திறக்கும் விஎல்சி, கோப்பை மாற்ற நாம் நாடும் ஹேண்ட்பிரேக், இணையம் பார்க்கும் குரோம் உலாவி ஆகியவற்றின் உள்ளே எஃப்எஃப்எம்பெக்கின் பாகங்களே வேலை செய்கின்றன. பட்டன் உள்ள சாஃப்ட்வேரைப் பயன்படுத்துகிறோம் என்று நாம் நினைக்கும்போதும், பல சமயம் இதே கருவியைத்தான் இன்னொருவர் வைத்த பட்டன்கள் வழியாக இயக்குகிறோம். கறுப்புத் திரையில் கட்டளை எழுதி நேரடியாக இயக்கக் கூடாது என்று ஏன் தடுக்கிறார்கள்? சொல்லப்படும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதல் காரணம், இது புரோகிராமிங் தெரிந்தவர்களுக்கானது என்பது. வேலையை அருகில் போய்ப் பார்த்தால் இந்த வாதம் நிற்காது. ஒரு ஃபோல்டர் நிறைய எம்டிஎஸ் கோப்புகள் இருக்கின்றன, எல்லாம் எம்பி4 ஆக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இதற்கான ஸ்கிரிப்ட், அதாவது வரிசையாக எழுதி வைத்த கட்டளைகள், சொல்வது இவ்வளவுதான்: இந்த ஃபோல்டரில் எம்டிஎஸ் என்று முடியும் ஒவ்வொரு கோப்பையும் எடு, படத்தைத் தொடாமல் அப்படியே எடுத்து வை, ஒலியை மட்டும் கைபேசியில் கேட்கும்படி ஏஏசி முறைக்கு மாற்று, அதே பெயரில் பக்கத்து ஃபோல்டரில் போடு. விண்டோஸிலும் மேக்கிலும் லினக்ஸிலும் எழுதும் விதம் சற்று மாறும், சாரம் மாறாது. சின்னச் சின்ன இடறல்கள் உண்டு. விண்டோஸில் கறுப்புத் திரையிலேயே தட்டச்சு செய்யும்போது கோப்புப் பெயருக்கான எழுத்தின் முன் ஒரு சதவீதக் குறி போதும். அதே வரியை ஒரு பேட்ச் கோப்பில் சேமித்து வைத்தால் இரண்டு சதவீதக் குறி வேண்டும். பெயரின் நடுவே இடைவெளி இருந்தால் மேற்கோள் குறிக்குள் போட வேண்டும். ஒருமுறை தெரிந்துகொண்டால் மறக்காத விஷயங்கள் இவை. இவற்றைப் புரோகிராமிங் என்று சொல்லிப் பயமுறுத்துவது நியாயமில்லை.

நம் தொழிலில் இருப்பவர்களின் திறமையைக் குறைத்து மதிப்பிடுவதும் இந்த வாதத்தில் ஒளிந்திருக்கிறது. ஆல்பம் டிசைன் செய்பவர்கள் ஃபோட்டோஷாப்பில் ஆக்‌ஷன் பதிந்து வைத்து, ஒரு ஃபோல்டர் முழுவதையும் ஒரே ஓட்டத்தில் நிறம் திருத்தி அளவு மாற்றுகிறார்கள். 1996-ல் வந்த நான்காம் பதிப்பிலிருந்தே அந்த வசதி இருக்கிறது. “இது புரோகிராமர் வேலை, நமக்கு வேண்டாம்” என்று எந்த டிசைனரும் ஒதுங்கவில்லை. டிடிபி ஆபரேட்டர்கள் ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு விசை அமைப்பு என்று மனப்பாடம் செய்து பத்திரிகைகளையும் பாடப்புத்தகங்களையும் அடித்துக் கொடுத்தார்கள். டைப்ரைட்டிங் லோயரும் ஹையரும் முடித்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கும் மாநிலம் இது. அவர்களால் பத்துப் பன்னிரண்டு கட்டளைக் குறிகளைக் கற்றுக்கொள்ள முடியாதா? ஆங்கிலத்தில் இருக்கிறதே என்பதும் ஒரு தடையாகச் சொல்லப்படுகிறது. இந்தக் குறிகள் ஆங்கில வாக்கியங்கள் அல்ல, சில எழுத்துச் சுருக்கங்களும் சிறு சொற்களும்தான். கோப்புகளுக்குத் தமிழில் பெயர் வைத்திருந்தாலும் கவலையில்லை. விண்டோஸின் பழைய கறுப்புத் திரையில் அந்தப் பெயர்கள் பெட்டி பெட்டியாகத் தெரியலாம். ஃபோல்டரில் உள்ள எல்லாவற்றையும் எடு என்று சொல்லும் ஸ்கிரிப்ட் அவற்றையும் சரியாகவே எடுத்து மாற்றிவிடும்.

இரண்டாவது காரணம் கொஞ்சம் கனமானது. பட்டன் உள்ள சாஃப்ட்வேரிலும் கோப்புகளை வரிசையில் நிறுத்தி இரவோடு இரவாக மாற்றலாமே, பிறகு ஸ்கிரிப்ட் எதற்கு என்று கேட்கிறார்கள். மாற்றலாம், உண்மைதான். ஒரே ஒரு கோப்பை மாற்ற வேண்டியவருக்கு நானும் ஹேண்ட்பிரேக்கைத்தான் சொல்வேன். நேர்மையாக உருவாக்கப்பட்ட நல்ல மென்பொருள் அது. ஆனால் கோப்பை மாற்றும் வேலைக்குள் பல முடிவுகள் அடங்கியிருக்கின்றன. அந்த முடிவுகளை யார் எடுக்கிறார்கள், எங்கே எழுதி வைக்கிறார்கள் என்பதில்தான் வேறுபாடு வருகிறது.

மேலே சொன்ன எம்டிஎஸ் கோப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் இருக்கும் படம் ஏற்கெனவே எச்.264 முறையில் சுருக்கப்பட்டது. எம்பி4 பெட்டிக்குள்ளும் அதே முறையில்தான் இருக்கப்போகிறது. ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு எடுத்து வைத்தால் முடிந்தது. படத்தின் ஒரு புள்ளிகூடக் கெடாது. ஒரு மணி நேரப் பதிவுக்கு டிஸ்க் படித்து எழுதும் நேரம்தான் ஆகும். எஃப்எஃப்எம்பெக்கில் இதைச் சொல்ல ‘காப்பி’ என்ற ஒரு சொல் போதும். ஹேண்ட்பிரேக்கில் இதற்கு வழியே கிடையாது. அது எந்தப் படத்தையும் அவிழ்த்து மறுபடி சுருக்கித்தான் தரும். நகலின் நகலாக ஒவ்வொரு முறையும் தரம் கொஞ்சம் தேய்கிறது. பழைய கணினியில் இரவு முழுதும் விசிறி இரைகிறது. காலையில் வரிசை முடிந்திருப்பதைப் பார்த்து வேலை நன்றாக நடந்ததாக நினைத்துக்கொள்கிறோம். செய்யவே தேவையில்லாத வேலைக்கு ஓர் இரவும் கொஞ்சம் தரமும் செலவாகிவிட்டன. மறுபடி சுருக்காமல் மாற்றித் தரும் பட்டன் மென்பொருள்களும் இல்லாமல் இல்லை. ஆனால் இப்படி ஒரு வேறுபாடு இருப்பதே தெரியாதவர் அவற்றைத் தேடிப் போக மாட்டார். கட்டளையை எழுதுபவர் படத்தைக் காப்பி செய்வதா, மறுபடி சுருக்குவதா என்ற கேள்வியைச் சந்திக்காமல் நகர முடியாது.

மறுபடி சுருக்கித்தான் ஆக வேண்டிய இடங்களும் உண்டு. மினி டீவி டேப்பிலிருந்து இறக்கிய கோப்பு ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி பிடிக்கும். குடும்பத்தாருக்குப் பென் டிரைவில் கொடுக்க அது ஆகாது. அதில் இருப்பது விநாடிக்கு 25 முழுப் படங்கள் அல்ல, ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளுமாகப் பிரிந்த 50 அரைப் படங்கள். பழைய தொலைக்காட்சிப் பெட்டிக்கு அது பொருந்தியது. இன்றைய கைபேசியில் அப்படியே ஓட்டினால், மணப்பெண் கையை அசைக்கும்போது வளையல்களின் விளிம்பு சீப்புப் பல்லாகக் கிழிந்து தெரியும். இதைச் சரிசெய்ய அரைப் படங்களிலிருந்து முழுப் படங்களை உருவாக்க வேண்டும். 50-ஐயும் முழுப் படங்களாக்கினால் அசைவு வழுவழுவென்று இருக்கும். இரண்டிரண்டாகச் சேர்த்து 25 ஆக்கினால் கோப்பு சிறுக்கும், அசைவின் நயத்தில் பாதி போய்விடும். எந்த அரைப் படம் முதலில் வருகிறது என்பதும் முக்கியம். மினி டீவியில் கீழ்வரி முதலில் வரும். ஏவிசிஎச்டியில் பொதுவாக மேல்வரி முதலில் வரும். இதை மாற்றிச் சொல்லிவிட்டால் நடப்பவர்கள் முன்னும் பின்னுமாக உதறிக்கொண்டு நடப்பார்கள். பல பட்டன் மென்பொருள்கள் இந்த முடிவை ‘தானியங்கி’ என்ற ஒரு சொல்லுக்குள் மூடி வைத்திருக்கின்றன. சரியாக யூகித்தால் நல்லது. தவறாக யூகித்தால், நூறு கோப்பும் முடிந்து வாடிக்கையாளர் கைக்குப் போன பிறகே தெரியவரும்.

தரத்துக்கும் இதுவே பொருந்தும். எச்.264-க்கு எஃப்எஃப்எம்பெக் பயன்படுத்தும் எக்ஸ்264-ல் தரத்தை 0 முதல் 51 வரை ஓர் எண்ணால் சொல்லலாம். எண் குறையக் குறையத் தரம் கூடும். எதுவும் சொல்லாவிட்டால் 23. 18 வாக்கில் வைத்தால் மூலத்துக்கும் நகலுக்கும் கண்ணால் வேறுபாடு காண்பது அரிது. ஒரு ஸ்டுடியோ தன் பதிவுகளுக்கு 18 என்று முடிவு செய்து ஸ்கிரிப்டில் எழுதிவிட்டால் முதல் கோப்புக்கும் முந்நூறாவது கோப்புக்கும் அதே 18தான். கையால் தேர்ந்தெடுக்கும்போது அந்த உறுதி கிடைப்பதில்லை. மதியம் உற்சாகமாக ‘உயர் தரம்’ என்று அழுத்திய கை, இரவு பதினொரு மணிக்கு எது தேர்வாகி இருக்கிறது என்று பார்க்காமலே சரி என்று அழுத்திவிடும். தறியில் பாவு ஏற்றுவதற்கு நேரம் பிடிக்கிறது. இழைகளை எண்ணி, சரிபார்த்து, ஒருமுறை ஒழுங்காக ஏற்றிவிட்டால் அந்தப் பாவில் நெய்யும் புடவை எல்லாம் ஒரே கணக்கில் இறங்கும். ஸ்கிரிப்ட் எழுதும் நேரமும் அப்படிப்பட்டது. அக்கறையை ஒருமுறை முழுதாகச் செலுத்துகிறோம், அது எல்லாக் கோப்புக்கும் பொதுவாகிறது.

இதைத் தெருக்கூத்துப் பதிவு ஒன்றை வைத்து இன்னும் நெருங்கிப் பார்க்கலாம். இரவு தொடங்கி விடியும்வரை நடக்கும் கூத்தை ஏவிசிஎச்டி கேமராவில் எடுத்தால் அது ஒரே கோப்பாக இருக்காது. அத்தகைய கேமராக்கள் பொதுவாக 2 ஜிபி வாக்கில் கோப்பை முறித்து அடுத்த கோப்பைத் தொடங்கும். விநாடிக்கு 17 மெகாபிட் வேகத்தில் எட்டு மணி நேரம் பதிந்தால் 60 ஜிபிக்கு மேல் வரும், அதாவது முப்பது துண்டுகள். முறிவு எங்கே விழும் என்பது கேமராவுக்குத்தான் தெரியும். திரை விலகி வேடம் ஆடிவரும் இடத்தில் விழலாம், விருத்தத்தின் நடுவே விழலாம். இந்தத் துண்டுகளைக் கன்வெர்ட்டரில் தனித்தனியாக மாற்றி, பிறகு ஒட்டினால், ஒவ்வோர் ஒட்டிலும் ஒலியில் சிறு விக்கல் ஏற்படும். ஏஏசி முறையில் சுருக்கும்போது ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்திலும் சிறிது மௌனம் சேர்ந்துவிடுவதே காரணம். முகவீணை இழுத்துப் பிடித்திருக்கும் ஒரு சுரத்தின் நடுவே அந்த மௌனம் விழுந்தால் எந்த எடிட்டராலும் அதை மறைக்க முடியாது. சரியான வழி, மூலத் துண்டுகளை முதலில் வரிசையாகச் சேர்த்து ஒரே ஓட்டமாக்கிவிட்டுப் பிறகு மாற்றுவது. எம்டிஎஸ் கோப்புகளின் அமைப்பு அப்படிச் சேர்க்க இடம் தருகிறது. ஸ்கிரிப்டில் இது ஒரே ஒரு கூடுதல் வரி.

ஒலித் தடங்களும் கவனம் கேட்பவை. சில கேமராக்கள் பாடுபவரின் மைக்கை ஒரு தடத்திலும் மத்தளத்தின் மைக்கை இன்னொன்றிலும் தனித்தனியாகப் பதிகின்றன. எதுவும் சொல்லாவிட்டால் எஃப்எஃப்எம்பெக்கே ஒரு படத்தையும் ஒரே ஓர் ஒலித்தடத்தையும்தான் எடுத்துக்கொள்ளும். மத்தளம் சத்தமே இல்லாமல் போய்விடும். எல்லாத் தடமும் வேண்டும் என்று சொல்ல ஒரு குறி இருக்கிறது. அதை எழுதியிருக்கிறோமா என்பதை ஸ்கிரிப்டைப் படித்தாலே தெரிந்துகொள்ளலாம். பட்டன் மென்பொருளில் அன்றைக்கு எந்தப் பெட்டியில் டிக் அடித்தோம் என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

மூன்றாவதாக, இணையத்தில் ஏற்றினால் மாற்றித் தரும் தளங்களைக் காட்டுகிறார்கள். 13 ஜிபி கோப்பை விநாடிக்கு 20 மெகாபிட் வேகத்தில் ஏற்ற ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆகும். நூறு டேப்புக்கு இது நடக்கிற காரியமில்லை. அதைவிடப் பெரிய கேள்வி நம்பிக்கை பற்றியது. கல்யாண வீட்டார் நம்மை நம்பிப் பெண்கள் அலங்காரம் செய்யும் அறைக்குள் கேமராவை அனுமதித்தார்கள். யாருடையது, எந்த நாட்டில் இருக்கிறது என்றே தெரியாத சர்வரில் அந்தப் பதிவை ஏற்ற நமக்கு உரிமை கிடையாது. அமெரிக்காவின் எஃப்பிஐ-யுடைய டென்வர் அலுவலகம் 2025 மார்ச்சில், கோப்புகளை இலவசமாக மாற்றித் தருவதாகச் சொல்லும் தளங்கள் வழியாகத் தீங்கு நிரல்கள் பரப்பப்படுவதாகவும் தகவல்கள் திருடப்படுவதாகவும் எச்சரித்தது. எஃப்எஃப்எம்பெக் நம் கணினியிலேயே ஓடுகிறது. இணைய இணைப்பைப் பிடுங்கிவிட்டாலும் ஓடும். வாட்டர்மார்க் போடாது, நாள் கணக்கு முடிந்ததும் பணம் கேட்காது.

நான்காவது காரணம் பயம். “ஒரு எழுத்து தப்பினால் எல்லாக் கோப்பும் போச்சு” என்கிறார்கள். இந்தப் பயத்தில் உண்மை இருக்கிறது. ஒரே கட்டளை நூறு கோப்பைத் தொடுகிறது என்றால் ஒரே தவறும் நூறு கோப்பைத் தொடும். ஆனால் தற்காப்புகளை ஸ்கிரிப்டுக்குள்ளேயே எழுதிவிடலாம். விளைவு எப்போதும் வேறொரு ஃபோல்டரில் போய் விழ வேண்டும். ஏற்கெனவே இருக்கும் கோப்பின் மேல் எழுதாதே என்று சொல்ல ‘என்’ என்ற ஒற்றை எழுத்துக் குறி இருக்கிறது. முதலில் மூன்று கோப்பில் ஓட்டிப் பார்த்து, பெரிய திரையில் போட்டுக் கண்ணால் சரிபார்த்த பிறகே மொத்தத்தையும் ஓட்ட வேண்டும். மூலத்தை அழிக்கும் கட்டளை அந்த ஸ்கிரிப்டில் இருக்கவே கூடாது.

ஓட்டம் முடிந்த பிறகு சரிபார்ப்பதிலும் ஸ்கிரிப்டின் கை ஓங்கியிருக்கிறது. ஒவ்வொரு கோப்பும் முடிந்ததும் எஃப்எஃப்எம்பெக் வெற்றியா தோல்வியா என்று ஓர் எண்ணைத் திருப்பித் தருகிறது. பூச்சியம் என்றால் வெற்றி. தோற்றவற்றின் பெயரை மட்டும் ஒரு பட்டியலில் எழுதச் சொல்லலாம். கூடவே வரும் எஃப்எஃப்புரோப் என்ற கருவி மூலத்தின் நீளத்தையும் நகலின் நீளத்தையும் சொல்லும். இரண்டும் ஒத்துப்போகாதவற்றைத் தனியே எடுத்துக் காட்டச் சொல்லலாம். ஐந்நூறு கோப்பில் எந்த இரண்டு பாதியில் நின்றுபோயின என்று கண்ணால் தேடிக் கண்டுபிடிப்பது மனித வேலையே அல்ல.

இடறி விழும் இடங்களையும் மறைக்க வேண்டியதில்லை. லினக்ஸிலோ மேக்கிலோ கோப்புப் பெயர்களின் பட்டியலிலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்து மாற்றும் ஸ்கிரிப்டை எழுதுபவர்கள் ஒரு விசித்திரத்தைச் சந்திப்பார்கள். முதல் கோப்பு ஒழுங்காக மாறும். இரண்டாவது பெயரின் முதல் சில எழுத்துகள் காணாமல் போய், அப்படி ஒரு கோப்பே இல்லை என்று பிழை வரும். ஓட்டத்தின் நடுவே யாராவது விசையை அழுத்துகிறார்களா என்று எஃப்எஃப்எம்பெக் கவனித்துக்கொண்டே இருக்கும். விசைப்பலகையிலிருந்து எழுத்து வரும் அதே வழியாகத்தான் இங்கே பட்டியலும் வருகிறது. அதனால் அடுத்த பெயரின் எழுத்துகளைத் தனக்கு வந்த கட்டளை என்று நினைத்து அது விழுங்கிவிடுகிறது. விசைப்பலகையைக் கவனிக்காதே என்று ஒரு குறி சேர்த்தால் சரியாகிவிடும். இப்படிப்பட்ட இடறல் எரிச்சல் தரும், மறுக்கவில்லை. ஆனால் காரணம் உண்டு, காரணத்தைக் கண்டுபிடிக்க முடியும், ஒருமுறை திருத்தினால் அது திருத்தியதுதான். பட்டன் மென்பொருள் ‘எதிர்பாராத பிழை’ என்று சொல்லி மூடிக்கொள்ளும்போது நமக்கு அந்த வாய்ப்பு எதுவும் கிடைப்பதில்லை.

ஐந்தாவது வாதம் புதியது. செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் ஸ்கிரிப்டை அதுவே எழுதித் தந்துவிடும், நாம் எதற்குக் கற்க வேண்டும் என்கிறார்கள். எழுதித் தரும், பெரும்பாலும் ஓடும்படியாகவே எழுதித் தரும். கேட்டு வாங்குவதில் தவறில்லை. ஆனால் அது தரும் ஸ்கிரிப்ட் எதையும் கேட்காமல் பழைய கோப்பின் மேல் எழுதும் குறியோடு வரலாம். காப்பி செய்தால் போதும் என்ற இடத்தில் மறுபடி சுருக்கலாம். இரண்டாம் ஒலித்தடத்தை விட்டுவிடலாம். நம் டேப் கீழ்வரி முதலில் வருவது என்று நாம் சொல்லாமல் அதற்குத் தெரியாது. வந்திருக்கும் பத்து வரியைப் படித்து, இந்தக் குறி எதற்கு, இது எனக்கு வேண்டுமா என்று கேட்கத் தெரிந்தவருக்கு அது நல்ல உதவியாள். படிக்கத் தெரியாதவருக்கு அதுவும் உள்ளே நடப்பது தெரியாத இன்னொரு பட்டனே. எனவே இந்த வசதி வந்த பிறகு ஸ்கிரிப்டைப் படிக்கக் கற்பது முன்பைவிட அவசியமாகியிருக்கிறது. கற்பது முன்பைவிடச் சுலபமாகவும் ஆகியிருக்கிறது.

இத்தனை வாதங்களுக்கும் அடியில் ஒரு தவறான எண்ணம் கிடக்கிறது. ஸ்கிரிப்டின் பயன் வேகம் மட்டுமே என்று நினைக்கிறார்கள். வேகம் அதன் சின்னப் பயன். என்ன செய்தோம் என்பதை எழுத்தில் விட்டுச் செல்வதுதான் அதன் பெரிய பயன். மூன்று ஆண்டு கழித்து ஒரு வாடிக்கையாளர் வந்து, படத்தில் எல்லோரும் குண்டாகத் தெரிகிறார்களே என்று கேட்கிறார். ஸ்கிரிப்ட் இருந்தால் திறந்து பார்க்கலாம். 720-க்கு 576 என்று பதிந்த டிவிடியின் புள்ளிகள் சதுரமல்ல. 4-க்கு 3 விகிதப் படத்தை 16-க்கு 9 ஆக இழுத்துவிட்டது எந்த வரி என்று தெரியும். அதைத் திருத்தி, மூலத்திலிருந்து அந்தத் தொகுதி முழுவதையும் மறுபடி ஓட்டலாம். அழுத்திய பட்டன்களுக்கு அத்தகைய சாட்சி இல்லை. வேலையைப் பார்த்த பையன் வேறு ஸ்டுடியோவுக்குப் போய்விட்டால், எப்படி மாற்றினான் என்ற அறிவும் அவனோடு போய்விடும்.

சின்ன உதாரணம் ஒன்று. பல பழைய பதிவுகளில் நிகழ்ச்சி நடந்த தேதி எங்கும் எழுதப்பட்டிருக்காது. கேமரா கோப்புக்கு இட்ட தேதி ஒன்றுதான் தடயம். மாற்றும்போது புதிய கோப்புக்கு இன்றைய தேதி விழுந்துவிடும். மூலத்தைத் தூக்கிப்போட்ட பிறகு அந்தத் திருமணம் 2009-ல் நடந்ததா, 2012-லா என்று சொல்ல ஆளில்லை. மூலக் கோப்பின் தேதியை நகலுக்கும் போடு என்று ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்தால் அந்தத் தடயம் பிழைக்கும். அந்த வரியைச் சேர்க்கலாம் என்று தோன்றுவதற்கே, வேலையை எழுத்தில் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

உலகின் ஆவணக் காப்பகங்கள் இதைப் புரிந்துகொண்டு வெகுகாலம் ஆகிறது. வியன்னாவில் உள்ள ஆஸ்திரிய மீடியாடெக், எஃப்எஃப்எம்பெக் திட்டத்திலிருந்தே பிறந்த எஃப்எஃப்வி1 என்ற இழப்பில்லாத முறையைத் தன் வீடியோச் சேமிப்புக்கு ஏற்றுக்கொண்டது. அந்த முறை 2021-ல் ஆர்எஃப்சி 9043 என்று பொது ஆவணமாகவும் வெளியானது. அசையும் பட ஆவணக் காப்பாளர்களின் சங்கமான ஏஎம்ஐஏ-வைச் சேர்ந்தவர்கள், காப்பகப் பணியாளர்களுக்கு உதவும் கட்டளைகளைத் தொகுத்து, ஒவ்வொரு குறிக்கும் விளக்கம் எழுதி ‘எஃப்எஃப்எம்ப்ரோவைசர்’ என்ற பெயரில் இலவசமாகத் தருகிறார்கள். இந்தப் பணியாளர்களில் பலர் நூலகமும் வரலாறும் திரைக்கலையும் படித்து வந்தவர்கள், புரோகிராமர்கள் அல்லர். கட்டளையாக எழுதி வைத்தால்தான் இன்னொருவர் சரிபார்க்க முடியும் என்பதற்காகவே அவர்கள் அதைக் கற்றுக்கொண்டார்கள். ஒவ்வொரு சட்டகத்துக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணை எஃப்எஃப்எம்பெக் எழுதித் தரும். மூலத்துக்கும் இழப்பில்லாத நகலுக்கும் அந்த எண்கள் ஒத்துப்போனால் ஒரு புள்ளியும் மாறவில்லை என்று அடித்துச் சொல்லலாம்.

நம் ஊரில் இந்தப் பொறுப்பு யார் கையில் இருக்கிறது? கூத்தும் கரகாட்டமும் கோயில் கொடையும் பள்ளி ஆண்டு விழாவும், போன தலைமுறையின் பேச்சும் நடையும் பெருமளவில் பதிவாகியிருப்பது ஊர் ஸ்டுடியோக்களின் அலமாரிகளில்தான். எந்தக் காப்பகமும் வந்து அவற்றை எடுத்துக்கொள்ளப் போவதில்லை. அந்த அலமாரிக்குப் பொறுப்பானவர்தான் நடைமுறையில் அந்த ஊரின் காப்பகப் பணியாளர். அவரிடம் போய், உங்களுக்கு நாலு பட்டன் போதும் என்று சொல்வது அவர் தொழிலையும் மதிக்காத பேச்சு, அவர் கையில் இருப்பதையும் மதிக்காத பேச்சு.

ஆகவே சிலவற்றை உடனே செய்யலாம். வீடியோ எடிட்டிங் கற்றுத் தரும் ஒவ்வொரு மையமும் முதல் மாதத்திலேயே ஓர் எஃப்எஃப்எம்பெக் கட்டளையை வாசிக்கக் கற்றுத் தர வேண்டும். காப்பிக்கும் மறுசுருக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து அதைத் தொடங்க வேண்டும். கல்லூரிகள் அதைச் செய்முறைத் தேர்விலும் கேட்க வேண்டும். ஸ்டுடியோ நடத்துபவர்கள் பழைய இருப்பை மாற்றும்போது, மாற்றிய கோப்புகள் கிடக்கும் அதே ஃபோல்டரில் அவற்றை மாற்றிய ஸ்கிரிப்டையும் தோற்றவற்றின் பட்டியலையும் சேர்த்தே வைக்க வேண்டும். அந்த ஃபோல்டரைப் பின்னாளில் திறப்பவர் நம் பிள்ளையாக இருக்கலாம், ஓர் ஆய்வு மாணவராக இருக்கலாம், தன் தாத்தா ஆடிய கூத்தைத் தேடி வந்தவராக இருக்கலாம். படத்துக்கு என்ன செய்தோம், எதை விட்டோம், ஏன் அப்படிச் செய்தோம் என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு. அதை எழுதி வைப்பதும் நம் தொழிலில் சேர்ந்ததுதான். பத்து வரி போதும்.